லயத்து லோங்காங் யாருடையது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய பொருளன்று என்று சிலர் நினைக்கலாம். ஒரு லோங்காங்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால், அந்த லோங்காங்கின் கரையோடு நடந்து சென்றால் அரசாங்கம் என்பது என்ன, தோட்ட நிர்வாகம் என்பது என்ன, நம்முடைய கடமை என்பது என்ன என்ற மூன்றும் நமக்குத் தெரிந்துவிடும்.

மலாக்கா நகரின் தெங்கேராப் பகுதியை நேயர்களில் பலர் அறிவீர்கள். 'திராங்கெய்ரா' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அரண் என்பது அதன் பொருள். அங்கே கடைத்தெரு லோங்காங் அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாநகர் மன்றத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை இன்றைக்கு நடக்கிறதோ, நாளைக்கு நடக்கிறதோ, பொறுப்பு யாருடையது என்பதாவது தெளிவு. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் அரை மணி நேரம் பயணம் செய்து ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் அந்தத் தெளிவு மறைந்துவிடுகிறது.

நாங்கள் ஆசிரியர்களாகப் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறோம். லயத்துப் பொதுக் குழாயடியில் தொடங்கும் ஒரு லோங்காங், பள்ளி வேலியை ஒட்டி ஓடி, தோட்டத்து மண் சாலையைக் கடந்து, பெரிய சாலைக்கு அடியில் உள்ள சிமெண்டுக் குழாய் வழியாக ஆற்றில் விழுகிறது. நீளம் அரை மைல் கூட இராது. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிமெண்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கியது. கரையில் ஒதுங்கிய டின்களிலும் பிளாஸ்டிக் குவளைகளிலும் தெளிந்த மழைநீர் நின்றது. ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அவ்வளவுதான். முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த மாதத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடவுள் கிருபையால் இருவரும் பிழைத்து வந்தார்கள்.

நாங்கள் கடிதம் எழுதினோம். தோட்ட நிர்வாகம், "எல்லைக் கல்லுக்கு அப்பால் உள்ளது எங்களைச் சேர்ந்ததன்று" என்றது. ஊராட்சி மன்றம், "தோட்டம் தனியார் நிலம், உள்ளே எங்கள் ஆட்கள் வேலை செய்ய இயலாது" என்றது. சுகாதார அதிகாரிகள் வந்து புகை அடித்தார்கள். "லோங்காங்கைத் தோண்டுவது எங்கள் வேலையன்று" என்றும் சொன்னார்கள். சாலையைக் கவனிக்கும் இலாகா, "சாலைக்கு அடியில் உள்ள குழாய் மட்டுமே எங்களுடையது, குப்பை மேலிருந்து வருகிறது" என்று பதில் எழுதியது. நான்கு பதில்களும் மரியாதையாகவே இருந்தன. அவரவர் புத்தகப்படி நான்கும் சரியாகவும் இருந்தன. லோங்காங் மட்டும் அடைத்தபடியே கிடந்தது.

அந்த லயத்தில் வாழும் ஒரு பாட்டி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, தண்ணி ஓடுறப்ப எல்லைக் கல்லு பாத்தா ஓடுது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில், பொறுப்பு ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. ஒன்று மத்திய அரசின் பட்டியல். மற்றொன்று மாநில அரசின் பட்டியல். மூன்றாவது இருவருக்கும் பொதுவான பட்டியல். தொழிலாளர் நலனும் கல்வியும் மத்திய அரசைச் சேர்ந்தவை. நிலமும், ஆறும், ஊராட்சி மன்றங்களும் மாநில அரசைச் சேர்ந்தவை. பொதுச் சுகாதாரம், நோய்த் தடுப்பு, வடிகால் ஆகியவை பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நம் லயத்து லோங்காங்கோ இந்த மூன்று பட்டியல்களின் ஊடேயும் ஓடுகிறது. லயத்தில் வசிப்பவர் தொழிலாளர். ஆகவே மத்திய அரசு. லோங்காங் விழும் ஆறு மாநிலத்தினுடையது. இடையில் கொசு வந்துவிட்டால் அது இருவருக்கும் பொது.

இதற்கு மேல் இன்னொரு வரலாறும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் என்பது தனி உலகமாக இருந்தது. வீடு, தண்ணீர், மருந்து, சாலை, ஆயாக் கொட்டகை, கோயில் எல்லாமே துரையின் கையில் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பையும் தோட்ட உரிமையாளர் தலையில் வைத்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் பள்ளிகளில் இருக்கிறது. பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். பள்ளி நிற்கும் நிலமோ பல இடங்களில் தோட்டத்தினுடையது. கட்டடத்தைக் கவனிப்பது பள்ளி வாரியம். கூரை ஒழுகினால் மூன்று வாசலையும் தட்ட வேண்டியிருக்கிறது.

நாடு விடுதலை பெற்ற பிறகு புறநகர் மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சு பிறந்தது. துன் அப்துல் ரசாக் அவர்கள் 1960ஆம் ஆண்டில் கொண்டுவந்த 'சிவப்புப் புத்தகத்' திட்டத்தைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெரிய சிவப்புப் புத்தகம். அதற்குள் வரைபடங்கள். எந்தக் கம்பத்துக்குச் சாலை வேண்டும், எங்கே குடிநீர் வேண்டும், எங்கே பள்ளி வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தார்கள். மாவட்ட அதிகாரியின் தலைமையில் எல்லா இலாகாக்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. எது யாருடைய வேலை, எப்போது முடியும் என்று அங்கேயே முடிவாயிற்று. பொறுப்பைப் பிரிப்பதும் வேண்டும். பிரித்ததை ஓரிடத்தில் சேர்ப்பதும் வேண்டும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

ஆனால், தோட்டம் தனியார் நிலம். புறநகர் மேம்பாட்டுப் பணிகள் பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றுவிட்டன. கம்பத்துக்கு அரசாங்கம் பொறுப்பு, பட்டணத்துக்கு ஊராட்சி மன்றம் பொறுப்பு, தோட்டத்துக்கு முதலாளி பொறுப்பு என்று ஆயிற்று. தோட்ட மக்களும் இந்த நாட்டுப் புறநகரில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் புறநகர் மக்கள் என்ற கணக்கில் அவர்கள் வெகு காலம் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் தமிழ் மக்களுக்கும் இதே கதைதான். அங்கே 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணிகள் செய்வதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். தங்கள் ஆட்களை உறுப்பினர்களாக்கி அனுப்பினார்கள். ஆனாலும் தங்கள் லயத்துப் பாதையைச் சபையின் பணத்தில் செப்பனிட வழி இல்லாமல் இருந்தது. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2018ஆம் ஆண்டில்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுக் காலம்! சட்டத்தில் ஒரு பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நடைபாதையைத் தீர்மானித்துவிட்டது.

நேயர்களே, இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம் தோட்டங்களிலேயே உண்டு. செம்பனை எண்ணெய் ஆலைகளைச் சொல்கிறோம். 1970களில் ஆலைக் கழிவுநீர் அப்படியே ஆற்றில் விடப்பட்டது. அது ஆற்று நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன்கள் செத்து மிதக்கும். ஆற்றோரத்தில் நாற்றம் தாங்காது. சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டர் ஆற்றில் கலந்தால் ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளியை அது தின்றுவிடும் என்பது கணக்கு.

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. 1978ஆம் ஆண்டில் அந்த அளவு 5,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டு 2,000. அதற்கடுத்த ஆண்டு 1,000. இப்படிப் படிப்படியாகக் குறைத்து 1984ஆம் ஆண்டில் 100 என்று நிறுத்தினார்கள். ஆலைக்கு ஆண்டுதோறும் உரிமம் வேண்டும். கழிவு கூடினால் உரிமக் கட்டணமும் கூடும். ஆலைகள் குளங்கள் வெட்டி, நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கும்படி செய்தன. எல்லா ஆறும் பளிங்காகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆலைகள் பெருகிய அதே காலத்தில் அவை ஆற்றில் இறக்கிய அழுக்கு வெகுவாகக் குறைந்தது.

இது எப்படி முடிந்தது? மூன்று காரணங்கள். பொறுப்பாளர் யார் என்பது தெரிந்திருந்தது. அது ஆலை உரிமையாளர். கண்காணிப்பவர் யார் என்பது தெரிந்திருந்தது; அது சுற்றுச்சூழல் இலாகா. எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பது எண்ணில் எழுதப்பட்டிருந்தது. இந்த மூன்றும் ஆலைக் கழிவுக்கு இருந்தன. லயத்து லோங்காங்குக்கு இல்லை. ஆலையின் கழிவுக்குக் கிடைத்த கவனம் ஆலைத் தொழிலாளியின் பிள்ளை நடக்கும் லோங்காங் கரைக்கும் கிடைக்க வேண்டாமா?

பட்டணத்தில் இருப்போர் இது தோட்டத்தாரின் சங்கதி என்று இருந்துவிடவும் முடியாது. லயத்து லோங்காங் ஆற்றில் விழுகிறது. ஆற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுத் தெங்கேராவிலும் குழாயில் வருகிறது. 1991ஆம் ஆண்டில் வறட்சியால் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுவதும் தண்ணீருக்குத் திண்டாடியது. வாளிகளோடு வரிசையில் நின்றவர்களில் பட்டணத்தாரும் இருந்தனர், தோட்டத்தாரும் இருந்தனர். அதன் பிறகு ஜுஸ் அணை கட்டப்பட்டது; ஜொகூர் மாநிலத்து மூவார் ஆற்று நீரும் நமக்கு உதவுகிறது. மாநில எல்லையையே தண்ணீர் தாண்டி வருகிறது. தோட்டத்து எல்லைக் கல் எம்மாத்திரம்?

சரி, இன்றைய நிலையில் எது யாருடைய பொறுப்பு என்பதை நாம் தெரிந்துகொள்வோம். தாய்மார்கள் இதை ஒரு தாளில் குறித்து வீட்டில் வைத்துக்கொண்டால் நல்லது.

லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், குடியிருப்பின் துப்புரவு ஆகியவை தோட்ட முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு மற்றும் வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. இதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆகவே, லயத்துக் கூரையோ குழாயோ கெட்டால் முதலில் நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுத வேண்டும்.

கொசு பெருகினால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் உண்டு. அதை நடத்துவது சுகாதார இலாகா. அந்தச் சட்டம் இடத்தின் உரிமையாளரை மட்டும் கேட்பதில்லை, குடியிருப்பவரையும் கேட்கிறது. நம் வீட்டுப் பின்புறத் தோம்பில் கொசுப்புழு இருந்தால் நாமும் குற்றவாளிதான்.

ஆலைக் கழிவு சுற்றுச்சூழல் இலாகாவைச் சேர்ந்தது. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. மாநிலச் சாலை பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தது.

ஊராட்சி மன்றத்துக்கு வருவோம். மலாக்காவில் நான்கு மன்றங்கள் உள்ளன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி, தன் எல்லைக்குள் ஓடையிலோ பொது லோங்காங்கிலோ அசுத்தம் போடுபவர் மீது மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். பொதுத் தொல்லையை நீக்கும்படி நில உரிமையாளருக்கு அறிவிப்பும் கொடுக்கலாம். தனியார் நிலத்துக்குள் மன்றம் குப்பை வாராமல் இருக்கலாம். ஆனால் அந்த நிலத்துக்காரரைக் கேள்வி கேட்க அதற்கு அதிகாரம் உண்டு.

இந்த மன்றங்களுக்கு ஒரு காலத்தில் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த 1965ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன் அவர்கள். மீண்டும் தேர்தல் நடத்த வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றத் தலைவரும் எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர்களையும் நியமிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, நம் பகுதிக்குரிய உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. மன்றம் தீர்மானித்து மூடினாலன்றி, நாமும் போய் உட்கார்ந்து கேட்கலாம். தோட்டத்திலிருந்து எத்தனை பேர் இதுவரை போயிருப்போம்?

இனி, எங்கள் லோங்காங் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நான்கு பதில்களையும் ஒரே உறையில் வைத்து மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினோம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினோம். பள்ளி மாணவர்கள் லோங்காங்கை நடந்து அளந்து, எங்கே தொடங்குகிறது, எங்கே அடைக்கிறது, எங்கே விழுகிறது என்று வரைந்த படத்தையும் இணைத்தோம். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் எல்லோரும் அந்தச் சிமெண்டுக் குழாயருகே வந்து நின்றார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாதபடி, எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் லோங்காங் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. லயத்துப் பகுதி நிர்வாகத்துக்கு. சாலைக் குழாய் சாலை இலாகாவுக்கு. சாலைக்கு அப்பால் ஆறு வரை ஊராட்சி மன்றத்துக்கு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

நான்காவது பகுதி பள்ளி வேலியை ஒட்டியது. அதை ஏற்க ஆளில்லை. நிலம் தோட்டத்தினுடையது, பயன் பள்ளியினுடையது என்று பேச்சு நீண்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மண்வெட்டியோடு வந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். வாரம் முழுவதும் செம்பனைக் குலை வெட்டிக் களைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டி பிடிக்கிறார்கள். அது பெருமைக்குரியது. ஆனால், நாம் அந்த வேலையைச் செய்வதால் அது நம்முடைய கடமை ஆகிவிடாது; கடமைக்கு உரியவருக்கு விடுதலையும் கிடைத்துவிடாது. பிள்ளைகளுக்கு நோய் வரும் வரை காத்திருக்க முடியாது என்பதால் செய்கிறோம். செய்துகொண்டே, அந்த நான்காவது பகுதி யாருடையது என்று ஆண்டுதோறும் கடிதம் எழுதுகிறோம். மண்வெட்டியையும் கீழே வைக்கவில்லை. பேனாவையும் கீழே வைக்கவில்லை.

தோட்டங்களில் இன்று நம்மவர் குறைந்து, வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகியிருக்கிறார்கள். இருக்கப்போவது சில காலந்தானே, நமக்கேன் இந்த வேலை என்று எண்ண வேண்டாம். கொசு யாருடைய குடியுரிமையையும் கேட்பதில்லை. நாம் பட்டணத்துக்குக் குடிபோனாலும் அங்கேயும் ஒரு லோங்காங் இருக்கும். அதற்கும் ஓர் எல்லை இருக்கும்.

ஆகவே, நேயர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்து லோங்காங்கைப் பிள்ளைகளோடு தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து பாருங்கள். ஒரு படம் வரையுங்கள். எந்தப் பகுதி யாருடையது என்று குறியுங்கள். பெயர் எழுத முடியாத இடம் ஒன்று இருந்தால், அதைச் சிவப்பு மையால் கோடிடுங்கள். உங்கள் முதல் கடிதம் அந்த இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.